பிடங்கில் எஞ்சிய பெயர்: சர்க்காசிய அக்ரூட் பற்றிச் சில குறிப்புகள்

தமிழகத்தார் துப்பாக்கி என்று எழுதுவதை நாம் துவக்கு என்கிறோம். கேட்பதற்கு இரண்டும் வேறு வேறு மாதிரி இருந்தாலும் வந்த வழி ஒன்றுதான். துருக்கியில் துஃபெக், பாரசீகத்தில் துஃபங். இன்னும் பின்னே போனால் மஹ்மூத் அல்-காஷ்கரி 11ஆம் நூற்றாண்டில் தொகுத்த துருக்கி மொழி அகராதியில் துவெக் என்றொரு சொல் கிடைக்கிறது. பச்சைக் கொப்பின் பட்டையைக் குழலாக உருவியெடுத்துச் சிட்டுக்குருவி அடிக்கிற ஊதுகுழலுக்கு அந்தப் பெயர். வெடிமருந்தும் இரும்பும் பிறகு வந்து சேர்ந்தவை. ஆக, சொல்லின் அடியில் கிடப்பது ஒரு மரக்கொப்பு.

துவக்கின் மரக்கட்டைக்குத் துருக்கியில் குந்தாக் என்று பெயர். கைக்குழந்தையைச் சுற்றிக் கட்டுகிற துணிக்கும் அதே சொல்தான். இரும்புக் குழலைப் பிள்ளையைப் போல மரத்தில் பொதிந்து வைக்கிறார்கள் என்ற கற்பனை அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

நம்மட நாட்டில் கடந்த நாற்பது வருடங்களைக் கழித்தவர்களுக்கு இந்தக் கற்பனை இலகுவில் வாய்க்காது. துவக்கின் மரப்பகுதி எண்டதும் நமக்கு ஞாபகம் வருவது "பிடங்கால அடிச்சான்" என்ற வசனம்தான். கதைகளிலும் கவிதைகளிலும் அந்த மரம் முதுகிலும் தோளிலும் விழுந்த மரமாகவே பதிவாகியிருக்கிறது. அதன் நிறம் என்ன, ரேகை எப்படி ஓடியது என்று எவரும் பார்த்திருக்கமாட்டார்கள்.

ஆனால் அந்த ரேகைக்காகவே ஆயிரக்கணக்கான டொலர் கொடுக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள். வேட்டைத் துவக்குச் செய்கிற லண்டன் பட்டறைகளில் வாங்குபவர் முதலில் தெரிவு செய்வது பலவேளை மரத்துண்டைத்தான். சுவரோடு அடுக்கி வைத்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஈரத்துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். தேன்நிறத்தின் மேல் கறுப்புக் கோடுகள் புகைபோல ஓடும். சிலவற்றில் தண்ணீரில் காற்றடித்தாற்போல குறுக்கு அலைகள் இருக்கும். இப்படிப்பட்ட மரத்துக்கு ஆங்கிலம் பேசும் துவக்கு வியாபாரத்தில் நூறு வருடத்துக்கு மேலாக வழங்கிவரும் பெருமைமிக்க பெயர்களில் ஒன்று 'சர்க்காசிய அக்ரூட்'. அந்த அடைமொழி ஒரு முஸ்லிம் சமூகத்தின் பெயர். இந்த மரம் லண்டனிலும் நியூயோர்க்கிலும் பெயரெடுத்த காலத்தில் அந்தச் சமூகத்தில் மிகப் பெரும்பாலானோர் தம் மண்ணில் இருக்கவில்லை.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். உலர்பழக் கடையில் வோல்நட் என்று விற்கிறார்களே, அந்தக் கொட்டை காய்க்கும் மரம்தான் அக்ரூட். அரபியில் ஜவ்ஸ், துருக்கியின் ஜெவிஸ் அதிலிருந்து வந்தது. பால்கன் தொடக்கம் ஈரான், கஷ்மீர், கிர்கிஸ்தான் வரைக்கும் பரந்து நிற்கிற ஒரே இனம். ஆங்கில அக்ரூட், பிரெஞ்சு அக்ரூட், பாரசீக அக்ரூட், துருக்கி அக்ரூட், சர்க்காசிய அக்ரூட் என்பதெல்லாம் தாவரவியலில் ஒன்றுதான். பெயரை மாற்றியது மண்ணும் சந்தையும்.

துவக்குக்கு இந்த மரத்தைத் தேர்ந்ததற்கு அழகு முதற்காரணம் அல்ல. ஒரு கன மீற்றர் ஏறக்குறைய 640 கிலோ. நம்மட முதிரையைப்போலக் கைக்குப் பாரமாக இராது. வெடி வெடித்ததும் இரும்பு பின்னுக்கு உதைக்கும் உதையை வாங்கிக்கொள்ளும், சீக்கிரத்தில் பிளக்காது. நன்றாகக் காய்ந்த பிறகு மழைக்கும் வெயிலுக்கும் அதிகம் நெளியாது. உளியின் நுனி போன இடத்தில் நுணுக்கமாக வெட்டுப்படும். அதனால்தான் பிடிக்கிற இடத்தில் கை வழுக்காமல் இருக்க மெல்லிய குறுக்குக் கோடுகளை நெருக்கமாகக் கீற முடிகிறது.

கட்டை செதுக்குபவர் இரும்பு உறுப்புகளை விளக்குப் புகையில் பிடித்துக் கரியேற்றுவார். அதை மரத்தில் குடைந்த குழிக்குள் வைத்து அழுத்தி எடுத்தால் எங்கெங்கே முட்டுகிறதோ அங்கே கறுப்புப் படியும். கறுப்புப் பட்ட இடத்தை மட்டும் ஒரு சீவல் சீவுவார். மறுபடி கரி, மறுபடி அழுத்தல். இரும்புக்கும் மரத்துக்கும் இடையில் கடதாசி நுழையாத அளவுக்கு வரும்வரை இதே வேலை. பிறகு ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து வாரக்கணக்கில் ஊற விடுவார்கள். மேலே பூசுகிற வார்னிஷ் மரத்தை மூடும். எண்ணெய் உள்ளே போய் அதைத் திறக்கும் என்பது அந்தத் தொழில்காரர் பக்க நியாயம்.

ரேகை எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் சுவையான விடயம். நெட்டையாக வளர்ந்த தண்டில் மரம் நேர்கோடாக ஓடும். கிளை பிரிகிற கவட்டிலும், முடிச்சு விழுந்த இடத்திலும், தண்டு வேரோடு சேருகிற அடிக்கட்டையிலும்தான் இழைகள் திரும்பி முறுக்கிக்கொண்டு சித்திரம் போடுகின்றன. அப்படியெண்டா முழுவதும் சித்திரமாக இருக்கிற பலகை நல்லதா? அதுதான் இல்லை. கை பிடிக்கிற மெலிந்த கழுத்தில் இழை நேராக ஓடாவிட்டால் நாலு வெடியில் முறிந்துபோகும். கழுத்தில் நேர் இழையும் தோளில் படும் பிடங்கில் முறுக்கிய இழையும் ஒரே பலகையில் அமைவது அபூர்வம். அந்த அபூர்வத்துக்குத்தான் விலை. அது பெரும்பாலும் அடிமரத்தில் கிடைக்கும். ஆகவே நல்ல கட்டை தேடுகிறவர்கள் மரத்தைத் தரையோடு அறுப்பதில்லை. சுற்றிவரக் கிண்டி, வேரோடு கிளப்பி எடுக்கிறார்கள்.

இனிப் பெயருக்கு வருவோம்.

கருங்கடலின் வடகிழக்குக் கரையிலிருந்து கொக்கேசிய மலைகள் வரை வாழ்ந்தவர்கள் சர்க்காசியர். அவர்கள் தங்களை அதிகே என்பார்கள். அரபு நூல்களில் ஜர்கஸ். இஸ்லாமிய வரலாறு படித்த வாசகர்களுக்கு இவர்கள் புதியவர்கள் அல்ல. 1382 முதல் 1517 வரை எகிப்தை ஆண்ட புர்ஜி மம்லூக்குகள் பெரும்பாலும் இந்த இனத்தவர். இப்னு கல்தூனை கெய்ரோவில் காழியாக நியமித்த சுல்தான் பர்கூக் ஒரு சர்க்காசியர். சொந்த மலையில் மிஞ்சியிருந்தவர்கள் 16ஆம் நூற்றாண்டு தொடக்கம் படிப்படியாக இஸ்லாத்துக்கு வந்தார்கள்.

ஐரோப்பாவுக்கு இவர்களுடைய பெயர் வேறொரு வழியால் அறிமுகமானது. இஸ்தான்புல் அடிமைச் சந்தையில் சர்க்காசியப் பெண்களுக்கு அழகில் பெரிய பெயர். பயணிகள் அதை எழுதினார்கள், மற்றவர்கள் பார்த்து எழுதினார்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் 'சர்க்காசியாவின் மலர்ச்சி' என்ற பெயரில் கன்னத்துக்குப் பூசும் சாயம் விற்றார்கள். 1864இல் பார்னம் என்ற அமெரிக்கக் காட்சிக்காரர் 'சர்க்காசிய அழகி' ஒருத்தியைத் தேடித் தன் ஆளைக் கிழக்குக்கு அனுப்பினார். பிறகு நியூயோர்க்கில் அவர் மேடையேற்றிய பெண்ணுக்கு இட்ட பெயர் ஸலும்மா அக்ரா. அடுத்து வந்த 'சர்க்காசிய அழகி'களில் மிகப் பலர் அமெரிக்கப் பெண்களே. தலைமயிரை பியரில் கழுவி உலர்த்திப் பெரிய காடாக விரித்துவிட்டால் ஒருத்தி சர்க்காசியப் பெண்ணாகிவிடுவாள். ஆகவே மரத்தின் மேல் இந்தப் பெயரை ஒட்டியபோது அது வெறுமனே ஊரைக் குறிக்கவில்லை. பல தலைமுறையாக விற்றுப் பழகிய அழகின் முத்திரை ஒன்று கையில் இருந்தது, அதைத்தான் ஒட்டினார்கள்.

இந்த இடத்தில் நம்மவர்கள் எழுதும்போது ஒன்றை விட்டுவிட்டுப் போவார்கள். அந்த அடிமை வியாபாரத்தின் ஒரு முனையில் சர்க்காசியப் பிரபுக்களும் இருந்தார்கள். மறுமுனையில் இருந்தது முஸ்லிம் தலைநகரம். ஐரோப்பியனின் ஆபாசக் கற்பனையை மட்டும் பிடித்துக் கொண்டு இதைப் பேசாமல் விடுவது வரலாறாகாது.

சர்க்காசியருடைய சொந்தத் துவக்கைப் பார்த்தால் வேறொரு சங்கதி தெரியவரும். அது மெலிந்த, நீண்ட, பாரமற்ற ஆயுதம். குதிரையில் இருந்தபடி முதுகிலிருந்து உருவியெடுக்க வசதியானது. தீக்கல் விசை, விரல் படும் இடத்தில் சிறு உருண்டை, அதைச் சுற்றிக் காப்பு வளையம் கிடையாது. ஈரம் படாமலிருக்க ரோமத்தோலில் அல்லது கம்பளத்தில் செய்த உறைக்குள் வைத்துச் சுமப்பார்கள். ஒரு வெடிக்கு வேண்டிய மருந்தை அளந்து சிறு குழல்களில் அடைத்து, சட்டையின் நெஞ்சில் இரு பக்கமும் வரிசையாகச் செருகியிருப்பார்கள். அந்தச் சட்டையையும் குழல்களையும் பார்த்து ஆசைப்பட்டு, எதிரிகளான கொசாக்குகளே தங்கள் உடையாக்கிக் கொண்டார்கள்.

அக்ரூட்டிலும் வேறு மரங்களிலும் செய்த அந்த ஒடுங்கிய கட்டையில் மரத்தின் ரேகைக்குப் பெரிய இடமில்லை. அவர்களுடைய அலங்காரம் வெள்ளியில் இருந்தது. கறுப்புப் பதித்த வெள்ளிப் பூண்கள், பிடங்கின் நுனியில் எலும்பு அல்லது தந்தம். அந்த வெள்ளி வேலைக்குக் கிழக்கே தாகிஸ்தானின் குபாச்சி கிராமம் பெயர்போனது. கவசம் செய்பவர் ஊர் என்ற பொருளில் பாரசீகர் அதை ஸிரிஹ்கரான் என்றார்கள். ஆயுதத்தில் வெள்ளி பதிக்கலாமா என்ற கேள்வி ஃபிக்ஹு நூல்களில் உண்டு. நபி (ஸல்) அவர்களுடைய வாளின் கைப்பிடி முனை வெள்ளியால் ஆனது என்ற அறிவிப்பு அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருப்பதால் உலமாக்கள் அதை அனுமதித்தார்கள். மலைக்காரனின் அழகுணர்வு அந்த வழியில் போனது. அடிமரத்தின் முறுக்கிய இழையைத் தேடியது லண்டன் கனவானின் கண். பூண் இல்லாமல், இரும்பில் அடக்கமான கொத்துவேலையோடு நிறுத்திக்கொண்ட ஆங்கிலத் துவக்கில் பணத்தைக் காட்ட மிச்சமிருந்த இடம் மரம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ரஷ்யப் பேரரசு சர்க்காசியர் மேல் தொடுத்த போர் 1763இல் தொடங்கியதாகச் சொல்வார்கள். 1829இல் எதிர்னேயில் செய்த உடன்படிக்கையில் உஸ்மானியர் அந்தக் கரையை ரஷ்யாவுக்கு விட்டுக்கொடுத்தார்கள். அங்கு வாழ்ந்தவர்களிடம் எவரும் கேட்கவில்லை. சண்டை மேலும் 35 வருடம் நடந்தது. 1836இல் விக்சன் என்ற ஆங்கிலக் கப்பல் உப்பு ஏற்றிக்கொண்டு அந்தக் கரைக்குப் போய் ரஷ்யரிடம் பிடிபட்டது. அதில் போன ஜேம்ஸ் பெல் பிறகு சர்க்காசியர் நடுவே தங்கி ஒரு நூலே எழுதினார். லண்டனில் பத்திரிகைகள் கொதித்தன. கடைசியில் உதவி எண்டு சொல்ல ஒன்றும் வரவில்லை.

1860களின் தொடக்கத்தில் ரஷ்ய இராணுவம் மலைக்கிராமங்களை ஒழுங்காக, திட்டமிட்டு அகற்றியது. ஜெனரல் யெவ்தொக்கீமொவின் திட்டம் எளிமையானது: குபான் சமவெளிக்கு இறங்கு, அல்லது கடலைத் தாண்டி உஸ்மானிய நாட்டுக்குப் போ. 1864 மே 21ஆம் திகதி, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி, க்பாதா என்ற மலைவெளியில் வெற்றி அணிவகுப்பு நடந்தது. இன்று அந்த இடத்தின் பெயர் கிராஸ்னயா பொல்யானா. 2014 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்தது அங்கேதான்.

எத்தனை பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. ஐந்து இலட்சத்திலிருந்து பத்து இலட்சத்துக்கு மேல் வரை கணக்குச் சொல்கிறார்கள். அளவுக்கு மீறி ஏற்றிய கப்பல்களிலும் திராப்ஸோன், சாம்சூன் கரைகளிலும் பசியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் செத்தவர்கள் ஏராளம். ஜனாஸாக்கள் கடலில் விழுந்ததால் கருங்கடல் மீனைச் சாப்பிடாமலே காலம் கழித்த முதியவர்களைப் பற்றி இன்றைக்கும் அவர்களுடைய வீடுகளில் கதை சொல்கிறார்கள். உஸ்மானிய ஆவணங்கள் இவர்களை முஹாஜிர் என்று எழுதின. அந்தச் சொல்லின் பாரத்தை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஒரு தடவையோடு முடியவுமில்லை. பால்கனில் குடியேற்றப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை உஸ்மானிய அரசு 1876இல் பல்கேரியக் கிளர்ச்சியை அடக்கும் ஒழுங்கற்ற படையாகப் பாவித்தது. அங்கே நடந்த கொடுமைகளில் அவர்களுக்கும் பங்குண்டு. 1877–78 போரில் உஸ்மானியர் தோற்றதும் மறுபடி மூட்டை கட்ட வேண்டியதாயிற்று. சிலர் சிரியாவுக்குப் போனார்கள். சிலர் 1878இல் பாழடைந்து கிடந்த ஒரு பழைய ரோமானிய நகரத்தின் இடிபாடுகளுக்குள் குடியேறினார்கள். அதுதான் இன்றைய அம்மான். கோலான் மேட்டில் குனைத்ராவைச் சுற்றி வேரூன்றியவர்களை 1967 போர் கிளப்பியது.

அவர்கள் போன பிறகு ஆளற்ற மலைகளிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்த ஜோர்ஜியா, பாரசீகக் காடுகளிலிருந்தும் அக்ரூட் மரமும் பெரும் முடிச்சுகளும் கருங்கடல் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போயின. எல்லாவற்றுக்கும் சர்க்காசியம் என்றே பெயர். 1900ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்காவில் இந்த மரத்தில் கட்டில், அலுமாரி செய்விப்பது பெரும் மோகமாக இருந்தது. மரம் போதாமல் சிவப்பு கம் என்ற உள்ளூர் மரத்துக்குச் சாயமேற்றிக் கோடு கீறிச் சர்க்காசியம் என்று தலையில் கட்டினார்கள். பார்னமின் அழகிகளுக்கு நடந்த அதே வேலை. தளபாட மோகம் தணிந்தது. துவக்குக் கட்டையில் மட்டும் பெயர் தங்கிவிட்டது. உயர்தர வேட்டைத் துவக்கின் விலைப்பட்டியலில் அந்தச் சொல் இருந்தாலே விலை ஒரு படி ஏறும்.

இன்று அந்தப் பெயரில் விற்கிற பலகை பெரும்பாலும் கொக்கேசியாவிலிருந்து வருவதில்லை. துருக்கியிலிருந்து வருகிறது. பர்டி, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் போன்ற லண்டன் பட்டறைகள் அதைத் துருக்கி அக்ரூட் என்றே சொல்லி வாங்குகின்றன. அமெரிக்க வியாபாரிகள் பலர் அதே மரத்துக்குப் பழைய பெயரை ஒட்டுகிறார்கள். சர்க்காசியரின் பேரப்பிள்ளைகள் மிக அதிகமாக வாழும் நாடும் துருக்கிதான். ஆக, சுற்றிவளைத்துப் பெயரும் மனிதரும் ஒரே தேசத்தில் வந்து நிற்கிறார்கள், ஒருவரையொருவர் அறியாமல்.

விட்டுவந்த மலை என்னவாயிற்று? அதற்கு ஒரு ரஷ்யர் எழுதிய சாட்சியம் உண்டு. இவான் கிளிங்கன் என்ற வேளாண் அறிஞர். இலங்கைக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1895இல் தேயிலையையும் வெப்பநாட்டுப் பயிர்களையும் படிப்பதற்கு ரஷ்யாவிலிருந்து இந்தியா, இலங்கை, சீனா என்று புறப்பட்ட குழுவுக்குத் தலைவர் இவர். திரும்பிப் போய்க் கருங்கடற் கரையில் தேயிலை நடும் வேலையைத் தொடங்கி வைத்ததோடு, கண்ட நாடுகளின் பழைய வேளாண்மை பற்றிப் பெரிய நூலொன்றும் எழுதினார்; அதில் ஒரு பாகம் இந்தியாவும் இலங்கையும் பற்றியது. இதே கிளிங்கன் 1897இல் சோச்சி மாவட்டத்து விவசாயம் பற்றி எழுதியபோது, துரத்தப்பட்ட சர்க்காசியர் அந்த மலைச்சரிவுகளை எவ்வளவு விளங்கிப் பயிரிட்டார்கள் என்று மெச்சினார். சமவெளியிலிருந்து அரசு கொண்டுவந்து குடியேற்றியவர்களுக்கு அந்த மண் பிடிபடவில்லை. வயல்களில் காடு ஏறியது.

சர்க்காசியர் காட்டு மரங்களிலேயே நல்ல இனப் பழமரங்களை ஒட்டவைக்கிற பழக்கமுள்ளவர்கள். காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் அவர்கள் வேலி வைக்கவில்லை. அதனால் வீடுகள் எரிந்து தடமில்லாமல் போன இடங்களிலும் பேரி, அப்பிள், அக்ரூட் மரங்கள் காட்டோடு காடாக நின்று காய்த்துக் கொண்டிருந்தன. சோச்சிப் பக்கத்து ரஷ்யர்கள் அவற்றுக்கு வைத்த பெயர் 'பழைய சர்க்காசியத் தோட்டங்கள்'. ஆட்களில்லாத அந்த மேடுகளுக்கு இலையுதிர்காலத்தில் பையோடு ஏறிப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள்.